எழுத்துக்கூட்டத் தெரியாத என் மகனும் ஒஹாயோவின் வாசிப்புச் சட்டமும்

2022ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு மாலை, முதல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சிறிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தடங்கலில்லாமல் எங்களுக்கு வாசித்துக் காட்டினான். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் முயல் படம் இருந்தது. அதன் கீழே அச்சிட்டிருந்த சொல் ‘பன்னி’; அவன் வாசித்ததோ ‘ராபிட்’. (நான் திருத்திச் சொன்னபோது, முயலைப் போய்ப் பன்னி என்கிறார்களே என்று மாமியார் நெடுநேரம் சிரித்தார்.) பொருளில் பிழையில்லை என்பதால் முதலில் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ‘பி’ எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லை ‘ஆர்’ ஒலியில் தொடங்கி வாசிக்கும் பிள்ளை அந்த எழுத்துகளைப் பார்க்கவேயில்லை என்பது சற்றுப் பின்னர்தான் உறைத்தது. அடுத்த பக்கத்தின் படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். அவன் பார்வை சொல்லுக்குப் போகவில்லை. என் முகத்துக்கு வந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை, நான் தன்னார்வலராகப் பாடம் நடத்தும் தமிழ் வகுப்பில் அதே பிள்ளை ‘கழனி’ என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, பிழையில்லாமல் வாசித்துவிட்டு, “அப்படின்னா என்னம்மா?” என்று கேட்டான். தமிழில் எழுத்துக்கூட்டத் தெரிந்தும் பொருள் தெரியாதவன், ஆங்கிலத்தில் பொருள் தெரிந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாதவனாக இருந்தான். ஃபிலிப் கோஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னாளில் அறிந்துகொண்டேன்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியை விளங்கிக்கொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு, இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. என் வீட்டில் அந்தக் கணக்கு ஒரே பிள்ளையிடம் இரண்டு மொழிகளில் இரண்டு விதமாகத் தலைகீழாகி நின்றது.

நாங்கள் இருப்பது ஒஹாயோ மாநிலத் தலைநகரான கொலம்பஸின் புறநகர் ஒன்றில். நவம்பர் மாதப் பெற்றோர் சந்திப்பில் வகுப்பாசிரியர் மிகுந்த அன்போடு பேசினார். பிள்ளை வகுப்புக்கு உரிய நிலையில்தான் இருக்கிறான், வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் சிறிது தாமதமாகலாம், தானாகச் சரியாகிவிடும் என்றார். அவருக்குப் பின்னால் சுவரில், தெரியாத சொல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வழிகாட்டும் வண்ணத்தாள் ஒன்று ஒட்டியிருந்தது. படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், அந்த இடத்தில் எது பொருந்தும் என்று யோசி, தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வா என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது. சொல்லின் எல்லா எழுத்துகளையும் கூட்டிப் பார் என்று எங்கும் இல்லை. ஆக, என் மகன் விதியை மீறவில்லை. சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறான்.

ஆனால் அன்று எனக்கு இது விளங்கவில்லை. ‘இரண்டு மொழி’ என்ற சொல்தான் நெஞ்சில் தைத்தது. பாலர் வகுப்பில் சேர்க்கும்போதே, வீட்டுமொழி எது என்று கேட்கும் படிவத்தில் ‘தமிழ்’ என்று எழுதினால் பிள்ளையைத் தனியாகப் பிரித்து உட்காரவைப்பார்கள் என்று நண்பர்கள் எச்சரித்ததால், நாங்கள் ‘ஆங்கிலம்’ என்று எழுதியிருந்தோம். இப்போது அந்த அச்சத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அவனைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துப்போகாமல் நிறுத்திவைத்தேன். இந்த விவகாரத்தில் நான் செய்த முதல் தவறு அதுதான். அவன் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறான் என்பதே மொழிகளின் எண்ணிக்கையில் பழுதில்லை என்பதற்குச் சான்றாக இருந்தது. அந்தச் சான்றைத்தான் நான் மூட்டை கட்டி வைத்தேன்.

என் பழைய படிப்பும் எனக்குக் கைகொடுக்கவில்லை. விருதுநகர் மாவட்டத்துத் தமிழ்வழிப் பள்ளியில் ‘சி ஏ டி கேட், கேட்டுன்னா பூனை’ என்று பாட்டாகப் பாடி ஆங்கிலம் கற்றவள் நான். எழுத்தின் பெயர்களை அடுக்கினால் சொல் எப்படிப் பிறக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ‘சி’ என்பது அந்த எழுத்தின் பெயரே தவிர ஒலி அன்று என்பதையும், 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதுவதுதான் ஆங்கிலத்தின் சிக்கல் என்பதையும் நாற்பதை நெருங்கும் வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

படத்தையும் சூழலையும் வைத்து ஊகிக்கச் சொல்லும் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, அதன் ஒரு வேர் இப்போது நாங்கள் வாழும் ஊரிலேயே இருந்தது. தேர்ந்த வாசகர்கள் எல்லா எழுத்துகளையும் பார்ப்பதில்லை, பொருளை ஊகித்தபடியே செல்கிறார்கள் என்று கென் குட்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1967இல் வாதிட்டார். அதையொட்டிய கருத்துடன் நியூசிலாந்தின் மேரி கிளே, பின்தங்கும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்காக ‘ரீடிங் ரிக்கவரி’ என்னும் தனிப்பயிற்சியை உருவாக்கினார். 1984இல் அது அமெரிக்காவுக்குள் நுழைந்த வாசல், கொலம்பஸில் உள்ள ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம். நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில் அமைந்த தேசிய வாசிப்புக் குழு, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாக, வரிசையாகக் கற்பிப்பது பிள்ளைகளுக்கு உதவுகிறது என்று 2000ஆம் ஆண்டிலேயே அறிக்கை அளித்துவிட்டது. அறிக்கை வந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வண்ணத்தாள் என் மகனின் வகுப்புச் சுவரில் இருந்தது என்பதுதான், மாநிலங்கள் சட்டத்தைக் கையில் எடுத்ததற்கான காரணத்தை எனக்கு விளக்கியது.

மிசிசிப்பி 2013இல் வழிகாட்டியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள், மூன்றாம் வகுப்பின் இறுதியில் வாசிக்க இயலாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைத்தல் என்று அங்கே சட்டம் இயற்றினார்கள். நான்காம் வகுப்பு வாசிப்பில் நாட்டின் கடைசி இடங்களில் இருந்த அந்த ஏழை மாநிலம், 2019இல் தேசிய சராசரியை எட்டிப் பிடித்தது. ஒஹாயோவில் ஆளுநர் மைக் டிவைன் 2023 ஜனவரி உரையில், மூன்றாம் வகுப்பினரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வாசிப்பில் தேர்ச்சி பெறவில்லை என்று சொல்லி இதைக் கையில் எடுத்தார். அவ்வாண்டு ஜூலையில் கையெழுத்தான வரவுசெலவுச் சட்டத்தின் உள்ளேயே வாசிப்புச் சட்டமும் அடங்கியிருந்தது. 2024–25 கல்வியாண்டு முதல், மாநிலம் ஒப்புதல் அளித்த பட்டியலில் உள்ள பாடத்திட்டங்களை மட்டுமே பள்ளிகள் பயன்படுத்த வேண்டும். பொருள், வாக்கிய அமைப்பு, எழுத்து என்ற மூன்று குறிப்புகளை வைத்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லும் முக்குறிப்பு முறையைப் பயன்படுத்தக்கூடாது. பிள்ளைகள் வாசிக்கக் கற்பது எப்படி என்று ஆய்வுகள் காட்டியதன் தொகுப்பான ‘வாசிப்பு அறிவியலில்’ ஆசிரியர்கள் பயிற்சி பெற வேண்டும். இதற்காக ஒதுக்கிய 16.8 கோடி டாலரில் 8.6 கோடி ஆசிரியர் பயிற்சிக்கும், 6.4 கோடி பாடநூல்களுக்கும், 1.8 கோடி வாசிப்புப் பயிற்றுநர்களுக்கும் போனது. பெரும்பங்கு பயிற்சிக்கு என்பதால்தான் இந்தச் சட்டத்தின் மீது எனக்கு நம்பிக்கை வந்தது. தடை மட்டும் இருந்திருந்தால் சுவரிலிருந்து தாளைக் கழற்றியதோடு வேலை முடிந்திருக்கும். ரீடிங் ரிக்கவரி அமைப்பினர் அந்த அக்டோபரிலேயே, வரவுசெலவுக் கணக்குக்குள் பாடம் நடத்தும் முறையை நுழைத்தது சரியா என்று கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு மசோதாவில் என் பிள்ளையின் வாசிப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேட நானே பட்டபாடு எனக்குத் தெரியும்.

சட்டம் வந்துவிட்டது, இனி பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தது என் இரண்டாவது தவறு. கையெழுத்தானது 2023 ஜூலை. வகுப்பறை மாற வேண்டிய கெடு 2024 ஆகஸ்ட். இடைப்பட்ட ஆண்டு முழுவதும் என் மகன் இரண்டாம் வகுப்பில், பழைய புத்தகங்களோடுதான் உட்கார்ந்திருந்தான். சட்டத்துக்கு ஓராண்டு என்பது சிறிய அவகாசம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது வாசிப்பைக் கற்கும் காலத்தில் பெரும்பகுதி.

அந்தச் செப்டம்பர் இறுதியில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ஒஹாயோவில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30க்குள் வாசிப்புச் சோதனை நடத்தி, பின்தங்கியவர்களுக்கு ‘ரிம்ப்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை எழுத வேண்டும். முந்தைய ஆண்டு ‘சரியான நிலையில் இருக்கிறான்’ என்று வந்த கடிதம் இப்போது ‘இல்லை’ என்று வந்தது. படங்கள் குறைந்து சொற்கள் நீண்டவுடன் ஊகம் கைவிட்டுவிட்டது. என் கணவர் இடிந்துபோனார். எனக்கோ, வெட்கப்பட்டுச் சொல்கிறேன், ஒருவித நிம்மதிதான் வந்தது. ஒரு வருடமாக நான் சொல்லிவந்தது இப்போது காகிதத்தில் இருந்தது.

இத்தகைய கடிதம் கைக்கு வரும் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது, நிலையைக் குறிக்கும் ஒற்றை எழுத்தையோ எண்ணையோ வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள் என்பதுதான். எந்தத் திறனில் எத்தனை மதிப்பெண் என்று பிரித்துக் கேட்டேன். பொருளற்ற சொற்களை வாசிக்கும் பகுதியில் அவன் மதிப்பெண் மிகக் குறைவாகவும், வாசித்துக் காட்டக் கேட்டுப் புரிந்துகொள்வதில் வகுப்புக்கு மேலாகவும் இருந்தான். பொருளற்ற சொற்கள் எதற்கு என்று சிலர் சிரிப்பார்கள். ‘நிப்’, ‘வாஸ்க்’ போல எங்குமே இல்லாத ஒரு சொல்லை மனப்பாடத்திலிருந்தோ படத்திலிருந்தோ சொல்ல முடியாது. எழுத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். வீட்டிலேயே பத்துச் சொற்களை எழுதிச் சோதித்துப் பார்க்கலாம். டிஸ்லெக்சியா என்பது எழுத்தை ஒலியாக்கி வாசிப்பதைக் கடினமாக்கும் ஒரு கற்றல் குறைபாடு. 2021இல் கையெழுத்தான டிஸ்லெக்சியா சட்டத்தின்படி, 2023–24இல் பாலர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தார்கள். அதன் பிறகு பெற்றோர் கேட்டால் ஆறாம் வகுப்பு வரை சோதிக்க வேண்டும். கேட்பது நம் உரிமை என்பது பல தமிழ்ப் பெற்றோருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், பள்ளியை எதிர்த்துப் பேசுவதாக ஆகிவிடுமோ என்று நாம் கூசுகிறோம். என் மகனைச் சோதித்தவர், குறைபாட்டைவிடக் கற்பித்தலில் விட்டுப்போன இடங்களே அதிகம் தெரிகின்றன என்றார்.

வீட்டில் நாங்கள் செய்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் தடுமாறியதும் கற்றதும் அங்கேதான். தினமும் பதினைந்து நிமிடம், இரவு உணவுக்கு முன். முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. ‘பி’ எழுத்தின் ஒலியை நான் ‘ப’ என்று சொல்ல, அவன் ‘ப–அ–ட’ என்று கூட்டி எங்கோ போய் நின்றான். ஆங்கில மெய்யொலியோடு உயிரைச் சேர்த்துச் சொல்லக்கூடாது என்று பயிற்சிக் காணொளிகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதை அவனுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தபோது, விடை சனிக்கிழமை வகுப்பின் கரும்பலகையிலேயே இருந்தது. “இது புள்ளி வைத்த எழுத்து” என்றேன். ‘ப’ இல்லை, ‘ப்’. மறுகணமே பிடித்துக்கொண்டான். உயிர் வேறு, மெய் வேறு, இரண்டும் சேர்ந்தால் உயிர்மெய் என்று 247 எழுத்துகளைப் பகுத்துக் கற்கும் பிள்ளைக்கு, சொல்லை ஒலிகளாகப் பிரிப்பது புதிய செய்தியே இல்லை. அவனைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்திவைத்த அந்த இரண்டு மாதங்களை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த உற்சாகத்தில் அடுத்த தவறையும் செய்தேன். சொல்லின் கடைசியில் ஒலிக்காத ‘ஈ’ எழுத்து வந்தால் நடுவிலுள்ள குறில் நெடிலாகும் என்று கற்பித்தேன். ‘ஹாப்’ என்பது ‘ஹோப்’ ஆனவரை பிழைத்தது. ‘கிட்’ என்பதற்கு அந்த எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, காற்றாடியைக் குறிக்கும் ‘கைட்’டை அவன் ‘கீட்’ என்று வாசித்தான். தமிழ்க் கணக்கில் அவன் சொன்னது முற்றிலும் சரி! ஆங்கிலத்தில் நெடில் என்று சொல்லப்படுவது குறிலின் நீட்சி அன்று, வேறொரு ஒலி. அந்த எழுத்து தன் பெயரையே ஒலிக்கிறது. தமிழ் இலக்கணத்தைப் பாலமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் ஆற்றின் மறுகரையில் நிலம் வேறு என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். உயிரொலிகளில் என் உச்சரிப்பையும் நான் நம்பவில்லை. ‘பேட்’டுக்கும் ‘பெட்’டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை என் மகன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான்.

ஒலிகளை எண்ணுவதற்குக் கொண்டைக்கடலை பயன்பட்டது. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கடலையைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். ‘ஷிப்’ என்ற சொல்லுக்கு எழுத்து நான்கு, கடலை மூன்று. ஏன் என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். எழுதிப் பழகுவதற்கு மாமியார் ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் கொடுத்தார். விஜயதசமியன்று ‘அ’ எழுதவைத்த அதே தாம்பாளம். ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவதைப் பல்புலன் பயிற்சி என்று இங்கே தனிப்பயிற்சியாளர்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள் என்று நான் சொன்னபோது, அவர் நம்பவில்லை.

எழுத்துக்கூட்டிப் பழகுவதற்கென்றே எழுதிய புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்துவந்தோம். கற்ற ஒலிகளுக்குள் அடங்கும் சொற்கள் மட்டுமே அவற்றில் இருக்கும். உள்ளதைச் சொன்னால், பூனை பாயில் உட்கார்ந்தது என்பதற்கு மேல் அவற்றில் பெரிதாக எதுவும் நடக்காது. மகன் இரண்டாவது வாரமே முகம் சுளித்தான். ஆகவே ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டோம். அவன் எனக்கு அந்தச் சலிப்பூட்டும் புத்தகத்தை வாசிப்பான். பதிலுக்கு, அவனால் இன்னும் வாசிக்க இயலாத நல்ல கதைகளை நான் படுக்கையில் வாசித்துக் காட்டுவேன். பெருக்கலின் மறுபாதி பட்டினி கிடக்கக்கூடாது அல்லவா? வாசிப்புச் சட்டங்களைப் பற்றிய பேச்சில் இந்த மறுபாதி அடிக்கடி காணாமல் போகிறது. போனிக்ஸ் எனப்படும் எழுத்தொலிப் பயிற்சி மட்டுமே வாசிப்பு என்று அந்தத் தேசிய வாசிப்புக் குழுவும் சொல்லவில்லை. ஒலியுணர்வு, எழுத்தொலித் தொடர்பு, சரளம், சொல்வளம், பொருளறிதல் என்று ஐந்தைச் சொன்னது.

பள்ளிப் பக்கத்தில், சட்டத்தின் ஒரு பிரிவு எங்களுக்கு நேரடியாக உதவியது. ‘ரிம்ப்’ திட்டத்தில் உள்ள பிள்ளைகளுக்கு வாரத்தில் குறைந்தது மூன்று நாள், அல்லது 36 வாரங்களில் 50 மணி நேரம், கூடுதல் பயிற்சி தர வேண்டும். இதை நான் மின்னஞ்சலில் மேற்கோள் காட்டிக் கேட்ட பிறகே கால அட்டவணை கைக்கு வந்தது. எந்த நாள், யார் நடத்துகிறார்கள், என்ன பாடத்திட்டம் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லில் எல்லாமே நடந்துகொண்டுதான் இருக்கும்.

2024 ஆகஸ்டில் அவன் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது சுவர் மாறியிருந்தது. முன்பு அந்த வண்ணத்தாள் ஒட்டியிருந்தது போன்ற இடத்தில், ஒவ்வொரு ஒலிக்கும் வாயும் நாக்கும் எப்படி அமைய வேண்டும் என்று காட்டும் படங்கள் இருந்தன. தாழ்வாரத்தில் அவனுடைய முதல் வகுப்பு ஆசிரியரைச் சந்தித்தேன். 1,200 டாலர் உதவித்தொகையோடு வந்த பயிற்சியை அந்தக் கோடையில் முடித்திருந்தார். “பதினெட்டு ஆண்டுகளாக எத்தனை பிள்ளைகளிடம் படத்தைப் பார் என்று சொல்லியிருப்பேன், தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கல்லூரியில் கற்றுக்கொடுத்ததும் அதுதான், பள்ளி வாங்கித்தந்த புத்தகங்களும் அவைதான். ஒன்றரை ஆண்டுகளாக அவர் மீது நான் சுமந்துகொண்டிருந்த கோபம் அந்தத் தாழ்வாரத்தோடு போயிற்று.

மூன்றாம் வகுப்பின் மாநிலத் தேர்வு இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் நடக்கிறது. தேர்ச்சிக்கு 700. முதல் தேர்வில் அவன் அதை எட்டவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில், பிள்ளையை ஃபெயிலாக்கிவிடுவார்களா என்ற பதற்றம் ஒவ்வோர் ஆண்டும் கிளம்பும். ஒஹாயோவில் 2012இல் வந்த சட்டப்படி அப்படி ஒரு கட்டாயம் இருந்தது உண்மை. ஆனால் 2023ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தளர்த்திவிட்டது. ஆசிரியரோடும் தலைமையாசிரியரோடும் கலந்து பேசி, பிள்ளை அடுத்த வகுப்புக்குத் தயார் என்று பெற்றோர் ஒப்புக்கொண்டால் மேலே அனுப்பலாம். தீவிரப் பயிற்சி மட்டும் தொடர வேண்டும். மிசிசிப்பியின் கண்டிப்புதான் அதன் வெற்றிக்குக் காரணம் என்று வாதிடுவோர் உண்டு. ஒரு பிள்ளையின் தாயாக, நிறுத்திவைப்பதைவிட அந்த 50 மணி நேரத்தை நான் நம்புகிறேன். வசந்தத் தேர்வில் அவன் 700ஐத் தாண்டினான். பெரிய மதிப்பெண் இல்லை, தாண்டினான், அவ்வளவுதான்.

தாண்டிய பிறகும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. இப்போது எந்தச் சொல்லையும் ஒலித்துவிடுகிறான். ஆனால் நீரியல், குடியேற்றம், பழங்குடிகள் என்று பாடங்கள் விரியும்போது, ஒலித்த சொல்லின் பொருள் தெரியாமல் நிற்கிறான். ஆங்கிலத்திலும் ‘கழனி’க் கட்டத்துக்கு வந்துவிட்டான் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். அதற்கு இந்தச் சட்டத்தில் குறுக்குவழி இல்லை. படுக்கை நேரக் கதைகளை நிறுத்தவில்லை. பாடத்தில் வரும் செய்திகளை முதலில் தமிழில் பேசிவிடுகிறோம். ‘ஹார்வெஸ்ட்’ என்ற சொல் வந்த அன்று, அறுவடை என்றால் என்ன என்று தன் பாட்டியிடம் முன்பே கேட்டுவைத்திருந்தவனுக்கு, வகுப்பில் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

2025இல் மகளைப் பாலர் வகுப்பில் சேர்த்தோம். அதே படிவம் வந்தது. வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று எழுதினேன். முதல் மாதத்தில் அவளைத் தனியாக அழைத்து, ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று ஒரு சிறு தேர்வு வைத்துவிட்டு, அன்றே வகுப்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, தேர்வு நடத்திய டீச்சர் ஸ்டிக்கர் கொடுத்தார் என்று காட்டினாள்.